பெட்டிக்கு மேலே என்ன வரும்?

பிக்கப் வண்டிக்கு டூல் பாக்ஸ் அடிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் திரும்பக் கேட்கிற கேள்வி இரண்டுதான். தகடு எத்தனை கேஜ், அதாவது எவ்வளவு தடிமன்? பூட்டு என்ன பூட்டு? டீக்கடையில் கேட்டவர்களும் இதையே கேட்டார்கள், சொந்தமாக வண்டி வைத்திருக்கிறவர்களும் இதையே கேட்டார்கள், தகட்டுக் கடைக்காரரும் இதையே கேட்டார். திருடன் கண்ணோட்டத்தில் பெட்டியைப் பார்க்கிற அளவுக்கு, தினமும் அதைத் திறந்து மூடப் போகிறவன் கண்ணோட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம் உண்டு. பெட்டி அடித்து வண்டியில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிற இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை, கொஞ்சம் முற்றித்தான் போயிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தொழில் போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குவது. நானும் மாமாவும், கூட இரண்டு பசங்களும். உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் என்று சுற்றிக்கொண்டே இருப்போம். வண்டி பொலிரோ பிக்கப், ஒன்பதடி டெக், மூன்று பக்கமும் கீழே விழுகிற கதவு. டூல்ஸ் எல்லாம் இத்தனை காலமும் சாக்கில்தான் போய்வந்தன. பைப்பைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் ஜோடிகள் ஒரு சாக்கு, ஸ்பானர், ஹாக்ஸா, கட்டிங் பிளேயர் வகையறா ஒரு சாக்கு, 36 இன்ச் பைப் ரிஞ்சும் சங்கிலி ரிஞ்சும் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் சாக்கில் அடங்காது, அவை டெக்கில் கிடக்கும். கேபிள் ஜாயிண்ட் போடுகிற டேப், கரண்டு அளக்கிற டாங் டெஸ்டர், இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கர் ஆகியவை கேபினில் மாமாவின் காலடியில். மழை வந்தால் தார்ப்பாய். டவுனில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் ஒருத்தன் வண்டியிலேயே காவல். பிளாட் கேபிள் ஒரு சுருள் டெக்கில் கிடக்கிறதென்றால் அதில் இருக்கிற செம்புக்காகவே கை வைப்பார்கள். தோட்டத்துக் கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாருக்கே கேபிளை அறுத்துக்கொண்டு போகிற காலம் இது.

இத்தனைக்குப் பிறகும் மாமா பெட்டி வேண்டாம் என்றார். செலவுக்கு அஞ்சிச் சொல்லவில்லை. "காலைல சாக்குல போடறப்ப ஒவ்வொண்ணா கையில வருது மாப்ள. இது இருக்குது, அது இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோகும். பொட்டி வெச்சுட்டா, எல்லாம் உள்ள கெடக்குதுன்னு நீ பாட்டுக்கு வண்டிய எடுத்துருவ. தோட்டத்துக்குப் போயித்தான் முழிப்ப." சாக்கு முறையில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தினமும் சாயங்காலம் கொட்டுவார், தினமும் காலையில் திரும்பப் போடுவார், அப்படிப் போடும்போதே அன்றைய வேலைக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று கணக்கு ஓடும். 600 அடி போருக்கு ஒரு மாதிரி, 200 அடி போருக்கு ஒரு மாதிரி. பெட்டி வந்தால் அந்தக் கணக்கு போய்விடும் என்பது அவர் பயம். அப்போது நான் அதைச் சும்மா வயசானவர் பேச்சு என்று ஒதுக்கவில்லை, ஆனால் கேபிள் சுருளுக்குப் பதில் சொல்ல அவரிடமும் எதுவும் இல்லை. சரி, அடிப்போம் என்று முடிவானது.

அமெரிக்காக்காரன் பெட்டி

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், யூடியூபில் உட்கார்ந்தேன். அங்கே டூல் பாக்ஸ் ஒரு தனி உலகம். பளபளவென்று வைரக் கட்டம் போட்ட அலுமினியத் தகடு, கேபினுக்குப் பின்னால் குறுக்கே உட்கார்ந்திருக்கும், கேஸ் அடைத்த தண்டு (கேஸ் ஸ்டிரட்) தள்ள மூடி தானாக மேலே எழும். மாட்டுகிற விதம் அதைவிட அழகு. டிரில் போடுகிற வேலையே கிடையாது. ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டிகளில் பின்பக்கத் தொட்டியின் பக்கச் சுவர் அசையாது, இறங்காது, அதன் மேல் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். பெட்டியின் இரண்டு காதும் இரண்டு விளிம்பின் மேல் உட்காரும், பெட்டியின் வயிறு நடுவில் தொங்கும், கொக்கியாக வளைந்த போல்ட்டை விளிம்புக்கு அடியில் மாட்டிப் பெட்டிக்கு உள்ளேயிருந்து நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. பெட்டிக்கு அடியில் இடம் காலியாகவே இருப்பதால் நீளமான பலகையை அதற்கடியில் தள்ளிக்கொள்ளலாம். எஃப்-150 பாடியையே 2015 மாடலில் இருந்து அலுமினியத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதால், அதன் மேல் இரும்புப் பெட்டி வைக்கிறவர்கள் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் அரிக்காமல் இருக்க நடுவில் ஃபோம் பட்டையோ ரப்பரோ ஒட்டுகிறார்கள். அந்த ஃபோம் நாள்பட அமுங்கி நட்டு தளர்ந்துபோகும், மறுபடி முடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன், பிறகு உதவியது.

மற்றபடி அந்தப் பெட்டி நமக்கு ஆகாது. நம் ஊர் சரக்குப் பிக்கப்பில் அந்த விளிம்பே இல்லை. பொலிரோ ஆகட்டும், தோஸ்த் ஆகட்டும், குட்டி யானை ஆகட்டும், டெக் தட்டையாக சக்கரத்துக்கு மேலே இருக்கும், பக்கச் சுவர் கீலில் தொங்கும் கதவு. அதைக் கழற்றி விடுவதற்காகத்தான் வண்டியே வாங்குகிறோம். காய்கறிக்காரனும் செங்கல்காரனும் பக்கவாட்டில் நின்றுதான் ஏற்றி இறக்குகிறார்கள். கதவின் மேல் பெட்டியைத் தொங்கவிட முடியுமா? இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த அமெரிக்க முறை சரிப்படலாம், அவற்றின் தொட்டி அதே ஜாதி. நமக்குப் பெட்டி தரையில்தான் உட்கார வேண்டும், தரையில் உட்கார்ந்தால் தரையில் இடம் போகும், டெக்கையும் ஓட்டை போட்டாக வேண்டும். ரெடிமேடாக வாங்கி மாட்டுகிற பேச்சே இல்லை. வெல்டிங் பட்டறைதான்.

சாக்பீஸ் கோடு

பட்டறைக்குப் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், தளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேறு ஒரு செட் ஆட்கள் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க நேர்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. அவர்கள் வண்டியில் ஜம்மென்று ஒரு பெட்டி, கேபினை ஒட்டிக் குறுக்காக, மேல்மூடி, தடிமனான தகடு, இரண்டு பக்கமும் பூட்டு. மோட்டாரும் பம்ப்பும் முதல் பைப்போடு செயின் பிளாக்கில் தொங்குகின்றன. கிளாம்ப் போல்ட்டில் ஒன்று மரை போய்விட்டது. மாற்றுப் போல்ட் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் பைப் இருக்கிறது. மோட்டாரோடு போருக்குள் இறங்குகிற பைப், காலம் (column) பைப் என்போம், ஒவ்வொன்றும் பத்தடி நீளம், டெக் ஒன்பதடி, அதனால் எல்லோரும் செய்வது போல முன்முனையைப் பெட்டியின் மேல் தூக்கிவைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 600 அடி போருக்கு 60 பைப். மூடி ஒரு விரற்கடை கூட எழும்பாது. ஒரு பையன் கயிற்றை அவிழ்த்து பைப்பை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துப் போடுகிறான், இன்னொருத்தன் தொங்குகிற மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், தோட்டத்துக்காரர் கரண்டு போய்விடும் என்று சத்தம் போடுகிறார். ஒரே ஒரு போல்ட்டுக்கு. அந்தப் பெட்டியை எத்தனை பேர் பாராட்டியிருப்பார்கள், தகட்டைத் தட்டிப் பார்த்து, பூட்டை ஆட்டிப் பார்த்து.

பட்டறை அண்ணன் இந்தக் கதை எதுவும் கேட்காமலே அங்கே வந்துவிட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நான் அளவு சொன்னேன், ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அவர் எழுதிக்கொள்ளவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு டெக்கின் மேல் ஏறி, கேபின் பக்கச் சுவரையொட்டி ஒரு செவ்வகம் போட்டார். அதற்குள் நின்றுகொண்டு, "வண்டி லோடு ஏறுனா எப்பிடி ஏறும், ஏத்திக் காட்டுங்க தம்பி" என்றார். பைப் கொண்டு போகவில்லை என்றேன். மூலையில் கிடந்த ஒரு நீளக் குழாயைக் காட்டி, "அத வெச்சுக் காட்டுங்க" என்றார். பையன் ஒருத்தனைச் செவ்வகத்துக்குள் ஒன்றரை அடி உயரத்துக்குக் கையை நீட்டச் சொல்லி, அதன் மேல் முன்முனையை வைத்து, பின்முனையைப் பின்கதவில் சாய்த்துக் காட்டினேன். "அப்ப மேல்மூடி எதுக்குங்க? லோடு இருக்கறப்ப தொறக்காது, லோடு இல்லாதப்ப உங்களுக்கு அதுல வேலையே கெடையாது." அவ்வளவுதான் சொன்னார், கீழே இறங்கி சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் என் மனசில் இருந்த பெட்டி உடைந்தே போனது. மேல்மூடி இல்லை என்றால் அது பெட்டியே இல்லை, ஒரு சின்ன மேடை, அடியில் குகை. கதவு எங்கே வைப்பது? பின்பக்கம் பார்த்து வைத்தால் பைப்புக்கு அடியில் குனிந்து டெக்கில் தவழ வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு முனைகள். பக்கச் சுவரைக் கீழே விட்டால் பெட்டியின் முனை கைக்கு நேராக வந்து நிற்கும், தரையில் நின்றபடியே திறக்கலாம், மேலே என்ன லோடு இருந்தாலும் கவலை இல்லை. பக்கச் சுவரை ஏற்றி மூடிவிட்டால் கதவும் தெரியாது பூட்டும் தெரியாது. திருடன் கண்ணோட்டத்திலும் இதுதான் மேல், கடப்பாரை நுழைக்க இடம் கிடைக்காது.

அதனால் இரண்டு முனையிலும் கதவு, நடுவில் ஒரு தடுப்பு, அதுவும் முழுத் தடுப்பு அல்ல, அடிப்பக்கம் ஒரு சாண் திறந்தே விட்டது. நீளமான ரிஞ்சும் கடப்பாரையும் அந்தச் சந்து வழியாக முனைக்கு முனை நீட்டிப் படுத்துக்கொள்ளும், எந்தப் பக்கமிருந்தும் இழுக்கலாம். இடதுபக்கக் கதவுக்குக் கீல் கீழே, இரண்டு சங்கிலி போட்டு மட்டமாக நிற்கிற மாதிரி, அதன் மேல் டேப்பையும் டெஸ்டரையும் வைத்துக்கொண்டு ஜாயிண்ட் வேலை பார்க்கலாம். வலதுபக்கக் கதவுக்குக் கீல் மேலே. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று மாமா சொன்னார், மழையில் வேலை செய்தால் ஒரு கதவாவது குடையாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன், அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். கடைசியில் என் பேச்சு நின்றது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதைத் தவற விட்டால் எல்லாமே வீண். டெக்கின் உள் அகலம் ஐந்தரை அடி. பெட்டியை அதே நீளத்துக்கு அடித்தால் இடம் வீணாகாது என்று தோன்றும். பூட்டு எங்கே தொங்கும்? கொண்டியும் பூட்டும் கதவுக்கு வெளியே இரண்டு இன்ச்சாவது துருத்திக்கொண்டு நிற்கும், பக்கச் சுவர் அதில் இடிக்கும். அண்ணன் பூட்டை வாங்கிவரச் சொல்லி, கொண்டியில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியின் நீளத்தை முடிவு பண்ணினார். ஐந்தடி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று இன்ச். பூட்டு ஆடிச் சத்தம் போடாமல் இருக்க அதன் பின்னால் ஒரு துண்டு ரப்பர்.

கிலோ கணக்கு

தகடு விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் இரும்பு வேலைக்குக் கிலோ கணக்கில்தான் கூலி, அதனால் தடிமன் கூடக் கூட பில் ஏறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு யோசனைகளைக் கேட்க வேண்டும். 'முழுக்க 3 மி.மீ. செக்கர் பிளேட்டில் (புடைத்த கட்டம் போட்ட இரும்புத் தகடு) அடித்துவிடுங்கள், ஆயுசுக்கும் போதும்' என்று சொல்கிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் அளவுப் பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து 34.5 சதுர அடி, சுமார் 3.2 சதுர மீட்டர். இரும்பு 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 3 மி.மீ. என்றால் 75 கிலோ, செக்கர் பிளேட்டின் புடைப்பைச் சேர்த்தால் 80 பக்கம் வரும். உள்ளே ஓரத்துக்கு ஓரம் 25 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) ஓட்டினால் இன்னொரு 11 கிலோ. ஆக 90 கிலோ, டூல் எதையும் உள்ளே வைக்காமலே. அதே பெட்டியை 1.6 மி.மீ. தகட்டில், அதாவது பதினாறு கேஜில் அடித்தால் தகடு 40, ஆங்கிள் 11, மொத்தம் 50 சொச்சம்.

பைப்பின் சுமை விழுவது மேல் தகட்டில் மட்டும்தான். பக்கங்களில் எதுவும் விழுவதில்லை, அவற்றைத் தாங்குவது ஆங்கிள். ஆகவே மேலே மட்டும் செக்கர் பிளேட், அதற்கடியில் நடுவில் ஒரு குறுக்கு ஆங்கிள், மிச்சம் எல்லாம் பதினாறு கேஜ். 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. செக்கர் பிளேட்டின் கட்டத்தில் பைப் வழுக்காமல் நிற்கும், மேலே ஏறி நின்றால் காலும் வழுக்காது. பெட்டியின் அடித்தகடு மட்டும் அதிரும், அதற்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டிப் போட்டோம், இரும்புமேல் இரும்பு குதிக்கிற சத்தமும் அடங்கியது.

30 கிலோ மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது, வண்டி டன் கணக்கில் இழுக்கிறதே என்று கேட்கலாம். பெட்டி ஒருநாள் ஏறி மறுநாள் இறங்குகிற லோடு இல்லை. காலி வண்டியாகப் போனாலும் அது கூட வரும், டீசல் குடிக்கும். ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையில் அது ஒரு பங்கை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது. எடை மேடையில் பெட்டியின் எடை வேறு, சரக்கின் எடை வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதமே 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 தனி. மோட்டார், பைப், கேபிள், ஆள் என்று ஏற்கெனவே கழுத்துவரை ஏற்றுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

இடமும் எடையைப் பொறுத்ததுதான். கேபினை ஒட்டி வைத்தால் பெட்டி பின் அச்சுக்கு முன்னால் விழுகிறது, எடையில் ஒரு பகுதியை முன்சக்கரம் வாங்கிக்கொள்ளும். எடுக்க வசதி என்று பின்கதவோரம் வைக்கிறவர்கள் உண்டு. அங்கே அது பின் அச்சுக்கும் அப்பால் தொங்குகிற எடை, முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். அதோடு அங்கே வைத்தால் பைப் எங்கே போகும் என்ற பழைய கேள்வி வேறு.

வண்டியில் பொட்டு வைக்காதீர்கள்

பெட்டி தயாரானதும், டெக்கில் வைத்து நாலு மூலையிலும் பொட்டு வைத்துவிட்டால் போதும், போல்ட் எதற்கு என்றான் பட்டறைப் பையன். பொட்டு என்றால் வெல்டிங் பொட்டு. நிறைய வண்டிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேண்டாம் என்றதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. வெல்டிங் சூட்டில் டெக்கின் அடிப்பக்கப் பெயின்ட் கருகும், அங்கே பிரஷ்ஷும் போகாது, துரு பிடிப்பது வெளியே ஓட்டை விழும்போதுதான் தெரியும். 2020இல் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் கூடிப்போயிற்று. பாடியில் வெல்டிங் அடித்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்ப்பை வெல்டிங் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற இ.சி.யு. வழியாகக் கரண்டு வழி தேடும். பட்டறை அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? இன்னொன்று எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று. எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெட்டியைப் பார்த்து அங்கே யாராவது கேள்வி கேட்டால் நட்டைக் கழற்றி இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்கிற நிம்மதி வேண்டும்.

அப்புறம் சேஸிஸ், வண்டியே உட்கார்ந்திருக்கிற அடிச்சட்டம். அதில் கை வைக்கவே கூடாது, டிரில்லும் கூடாது வெல்டிங்கும் கூடாது. முக்கியமாக சேஸிஸ் சேனலின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் ஓட்டை போட்டால், வண்டி வளைந்து நிமிர்கிற பளு முழுக்க விழுகிற இடத்தில் நாமே வெட்டுப் போட்டுக் கொடுத்த மாதிரி. டெக் தகட்டில் போடுகிற ஓட்டைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் கீழே படுத்துப் பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் வெறும் தகடு. கீழே குறுக்குச் சட்டம், பின்லைட்டுக்குப் போகிற வயர் கட்டு, பிரேக் குழாய், டீசல் டேங்க். நான் கீழே படுத்துக்கொண்டு டெக்கைச் சுத்தியலால் தட்டினேன், அண்ணன் மேலிருந்து சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸ் புள்ளி வைத்தார். நாங்கள் முதலில் நினைத்த இடத்தில் ஒரு மூலைக்கு நேர்கீழே வயர் கட்டு போய்க்கொண்டிருந்தது. அந்தப் புள்ளி நாலு விரல் தள்ளிப் போனது.

போல்ட் 12 மி.மீ., கீழே அகலமான பட்டைத் துண்டு, அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட். வெறும் வாஷர் போட்டால் டெக் தகடு மெலிசு, நாள்பட வாஷர் உள்ளே அமுங்கி ஓட்டை பெரிதாகும், பட்டைத் துண்டு அந்தப் பளுவைப் பரப்பிக்கொள்ளும். ஓட்டையின் ஓரத்துக்குத் துருத் தடுக்கிற ரெட் ஆக்சைடு தடவி, காய்ந்த பிறகுதான் போல்ட். பெட்டிக்கும் டெக்குக்கும் நடுவில் என்ன போடுவது என்பதில்தான் கொஞ்ச நேரம் போனது. மாமா பழைய டியூபை வெட்டிப் போடலாம் என்றார். அமெரிக்காக்காரனின் ஃபோம் எனக்கு ஞாபகம் வந்தது. ரப்பர் அமுங்கும், அமுங்கினால் நட்டு தளரும், தளர்ந்தால் பெட்டி ஆடும், ஆடினால் ஓட்டை பெரிதாகும். போதாக்குறைக்கு டியூபுக்கு அடியில் நிற்கிற தண்ணீர் எளிதில் காயாது. எங்களிடம் இருந்தது எச்.டி.பி.இ. பைப், கறுப்பு பிளாஸ்டிக் பைப். தடிமனான பைப்பில் ஒரு துண்டை நெடுக அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு இளக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே மோட்டாரை ஏற்றி நசுக்கினோம். தட்டையான, கறுப்பான, நனையாத பட்டை கிடைத்தது. அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒவ்வொரு போல்ட் இடத்திலும் ஒன்று. பெட்டி டெக்கிலிருந்து அரை இன்ச் எழும்பி நிற்கிறது, தண்ணீரும் மணலும் அடியில் புகுந்து வெளியே போய்விடுகின்றன. ஹோஸ் பைப்பை நீட்டினால் கழுவவும் முடிகிறது. அதுவும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், முதல் வாரம் ஓட்டிய பிறகு ஸ்பானர் போட்டால் கால் சுற்று வாங்கியது, அப்புறம் பெரிதாக அசையவில்லை.

மழைத் தண்ணீர் கதவு வழியாகத்தான் வரும். கதவுக்கு ரப்பர் பீடிங் ஒட்டினோம், ஆனால் அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மேல் தகட்டை இரண்டு முனையிலும் ஒரு இன்ச் நீட்டிக் கீழ்நோக்கி மடித்துவிட்டதுதான் உண்மையில் வேலை செய்கிறது. வடியும் தண்ணீர் கதவு இடுக்கைத் தொடாமல் வெளியே சொட்டிவிடும். பீடிங் தூசிக்கு.

மாமா சொன்னது

பெட்டி வந்த பிறகு மாமாவின் பேச்சு நிஜமாகவே பலித்ததா என்று கேட்டால், பாதி பலித்தது. எதையும் தோட்டத்தில் போய்த் தேடி முழிக்கவில்லை, ஏனென்றால் அவர் காலையில் கதவைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்க விடுவதில்லை. ஆனால் உள்ளே சேர்வது நிற்கவில்லை. கழற்றிய பழைய காண்டாக்டர், எதற்காவது ஆகும் என்று வைத்த கப்ளிங், பாதி தீர்ந்த டேப்பு, யாரோ தோட்டத்துக்காரர் கொடுத்த தேங்காய். சாக்கில் இதெல்லாம் தங்காது, சாயங்காலமே கொட்டிவிடுவோம். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிப் பொட்டு வைக்கிற வழக்கம் இருப்பதால் பிழைத்தோம். வாசலில் பரப்பி வைத்தபோது வேலைக்கு ஆகிற டூல்ஸ் ஒரு வரிசை, ஆகாதவை ஒன்றரை வரிசை. மாமா எதுவும் சொல்லவில்லை, ஆகாதவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போட ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

இதற்கு ஒரு வழி என்று, தடுப்புக்கு இந்தப் பக்கம் போல்ட், நட்டு, ஸ்பேர் மட்டும், அந்தப் பக்கம் கை வேலைச் சாமான்கள் மட்டும் என்று பிரித்திருக்கிறோம், இடதுபக்கக் கதவின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் பட்டியல் எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியல் எழுதினால் அதையும் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறார் மாமா. எல்லாம் பெட்டிக்குப் போன பிறகும் மெக்கர் மட்டும் கேபினில், அவர் காலடியிலேயே வருகிறது. பெட்டிக்குள் அதிர்ந்து அது கெட்டால் சர்வீஸ் செலவுக்கு இன்னொரு பெட்டி அடித்துவிடலாம் என்பதால், அதில் மட்டும் எனக்கும் அவருக்கும் தகராறு இல்லை.